ஏழாம் நம்பர் வால்வின் அடி வளையம்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் பள்ளிவாசல் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில். எந்த வேலைக்கும் எனக்கு இடது கைதான் முன்னால் போகும். எழுத்துக்கு மட்டும் டீச்சர் வலது கையைத்தான் அனுமதித்தார். பழகாத கையால் எழுதக் கற்றவள் எழுதுகிறேன் என்று நினைத்துப் படித்தால் சரியாக இருக்கும். மறதியும் வந்துவிட்டது. எது முதலில் நடந்தது, எது பிறகு என்பதில் தடுமாற்றம் உண்டு.

சுகன்யா கேட்டதால் எழுதுகிறேன். நான் வேலை பார்த்த கஞ்சிக்கோடு வால்வு பட்டறையில்தான் அவள் இப்போது இருக்கிறாள். போன வாரம் ஸ்கூட்டரில் எலப்புள்ளிக்கு வந்தாள். என் வீட்டுக்கு ஆள் வருவது அபூர்வம். கதவைத் திறந்ததும் யாரோ வழி தவறி வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"ஏனுங்கம்மா, என்னையத் தெரியலீங்களா? சுகன்யாங்க. பேக்கிங் செக்ஷன்."

"வாம்மா, வா. கண்ணாடி போடல."

உட்கார்ந்ததும் சொன்னாள்.

"நம்ம எண்ணெய்க் கப்பலுக்கு ஓய்வு குடுத்துட்டாங்கம்மா. உடைக்கப் போறாங்களாமா."

"கப்பலையா?"

"ஆமாங்க. அதுல இருந்து ஒரு வால்வ நம்ம பட்டறைக்கு ஞாபகமாக் குடுத்திருக்காங்க. வாசல்ல மேடை கட்டி, பச்சைப் பெயிண்ட் அடிச்சு வெக்கப் போறாருங்க முதலாளி. பக்கத்துல ஒரு போர்டு. அதுல போட நாலு வரி வேணுமுங்க. பழைய ஆளுங்களப் போயிக் கேளுன்னாரு. பழைய ஆளுன்னு இப்ப யாரு இருக்கறீங்க, நீங்க ஒருத்தருதான்."

"எந்த வால்வு?"

"சக்கரத்துல ஏழுன்னு குத்தியிருக்குதுங்க."

காபி போட உள்ளே போனேன். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நாலு வரி என்றாள். நாலு வரியில் எனக்குச் சொல்ல வராது. இதை முழுக்கப் படித்து, வேண்டிய நாலு வரியை அவளே எடுத்துக்கொள்ளட்டும்.

தெரியாதவர்களுக்காக முதலில் கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். அது சண்டைக் கப்பல் இல்லை. சண்டைக் கப்பல்களுக்கு நடுக்கடலில் எண்ணெய், தண்ணீர், அரிசி, பருப்பு, இயந்திரச் சாமான் எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிற கப்பல். இரண்டு கப்பலும் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருக்க, இதிலிருந்து அதற்குப் பெரிய குழாயைக் கட்டித் தொங்கவிட்டு எண்ணெய் விடுவார்களாம். அந்தக் குழாய் வரிசையில் வரும் வால்வுகளைத் திறந்து மூடித்தான் எண்ணெய் போகும், நிற்கும். கப்பல் கொச்சிக்கு மராமத்துக்கு வந்தால் வால்வுகளைக் கழற்றி மரப்பெட்டியில் அடைத்து லாரியில் எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் பிரித்து, கழுவி, தேய்த்து, சோதித்துத் திருப்பி அனுப்புவோம். சில வருஷம் கழித்து அதே வால்வுகள் மறுபடி வரும். அந்தக் கப்பலை நான் பார்த்ததே இல்லை. கடலையும் பார்த்ததில்லை. நாலைந்து பெட்டிக்குள் வந்த அளவுதான் அதை எனக்குத் தெரியும்.

நான் பட்டறைக்கு வந்த கதை பெரிதில்லை. பள்ளிவாசல் எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து எலப்புள்ளிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் லாரியில் போனவர் ஒருநாள் திரும்பி வரவில்லை. பிள்ளையும் இல்லை. கஞ்சிக்கோட்டில் வால்வு பட்டறையில் பெண்களை எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், போனேன். முதலில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவும் வேலை. பிறகு தேய்க்கும் மேஜைக்கு மாற்றினார்கள்.

அங்கேதான் என் கை பிரச்சினையாயிற்று. சிறு வயதில் அம்மா "ஏட்டி, பீச்சாங்கையில சோத்தத் தொடாத" என்று முதுகில் ஒன்று வைப்பாள். சாப்பாட்டுக்கு வலது கை பழகிவிட்டது, வேலைக்குப் பழகவில்லை. தேய்க்கும் மேஜை நீளமானது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எல்லாரும் ஒரே பக்கம் சுற்றுவார்கள். நான் எதிர்ப்பக்கம் சுற்றுவேன். என் முழங்கை பக்கத்தில் இருந்த சரசக்காவின் விலாவில் போய் இடிக்கும். சரசக்கா வேலந்தாவளம் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். நல்ல வேலைக்காரி, நல்ல வாய்.

"ஏம் அம்மணி எஸ்டேட்டு, உன்ற நொட்டாங்கை என்ற விலாவ எடுத்துப் போடும் போல இருக்குதே. மலையில கொழுந்தும் இப்பிடித்தான் பறிப்பியா, பக்கத்துச் செடிக்காரி மூக்கையும் சேத்து?"

மேஜை முழுக்கச் சிரித்தது. நான் குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சிரிப்பு ஓய்ந்தபோதாவது ஏதாவது சொல்லியிருந்தால் நானும் அவர்களில் ஒருத்தி ஆகியிருப்பேன் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன்.

மறுநாள் வேணு சார் மேற்கு ஜன்னலோரம் எனக்கென்று சின்ன மேஜை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அவர் எங்கள் சூப்பர்வைசர், ஒற்றப்பாலத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் அந்த மேஜை சுவரைப் பார்த்திருந்தது. வேலையிலிருந்து நின்ற நாள்வரை எல்லாருக்கும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். எதற்கு என்று தெரியாது. சாப்பாட்டு மணி அடித்ததும் அவர்கள் வட்டமாக உட்காருவார்கள். எனக்குத் தூக்குவாளியைத் திறக்க என் மேஜையே வசதியாகப் போய்விட்டது. வா என்று யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

வேலையைச் சொல்கிறேன். வால்வுக்குள் ஒரு தட்டு இருக்கிறது, அது போய் உட்கார ஒரு இருக்கை இருக்கிறது. இரண்டும் ஒட்டி உட்கார்ந்தால்தான் எண்ணெய் நிற்கும். நடுவில் தேய்ப்புப் பசையைத் தடவி, தட்டைக் கையால் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். அழுத்தக் கூடாது. கை எடையே போதும். பிறகு துடைத்து நீல மையைத் தொட்டு வைத்து அமர்த்தி எடுத்துப் பார்த்தால், எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகி நிற்கிறது என்று தெரியும். வட்டம் முழுக்க அறுபடாமல் நீலக்கோடு விழும்வரை தேய்க்க வேண்டும். ஒரு வால்வின் தட்டை இன்னொரு வால்வுக்குப் போடக் கூடாது.

அடுத்தது வளையம். வால்வைத் திறந்து மூடும் தண்டு, மூடியின் நடுவே மேலே வருகிற இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க, கரிய கயிற்றை வளையமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடைப்போம். தண்டின் பருமனுக்கே ஒரு கம்பியை எடுத்து, அதில் கயிற்றைச் சுற்றி, கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. நேராக வெட்டினால் முனைகளுக்கு நடுவே இடைவெளி விழும், சாய்வாக வெட்டினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும். வலது கைக்காரர் வெட்டினால் சாய்வு ஒரு பக்கம், நான் வெட்டினால் மறுபக்கம். எந்தப் பக்கமானாலும் வேலைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வளையத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் அந்தச் சாய்வு மாறாது. வெட்டிய கை எது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு வால்வோடும் ஒரு வளையம் கூடுதலாக வெட்டி, எண்ணெய்த் தாளில் சுற்றி, கைச்சக்கரத்தில் கம்பியால் கட்டி அனுப்புவதும் எங்கள் பட்டறை வழக்கம். கடலில் கசிவு கண்டால் மேலே போட்டு இறுக்கிக்கொள்வார்கள். அதை ஸ்பேர் என்போம். பெரிய கசிவானால் கப்பல் ஆட்களே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அவர்களிடம் உள்ள கயிற்றில் புதிதாக வெட்டி அடைப்பார்கள்.

எந்த வருஷம் என்று தெரியவில்லை. கப்பல் பெட்டி வந்திருந்தது. ஒரு வால்வின் பழைய வளையங்களைக் கொக்கியால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் என் பக்கச் சாய்வு. நான் போட்டதுதான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் சாய்வு நீளம். என் வெட்டு சுண்டுவிரல் நகம் அளவு. இது கட்டைவிரல் நகம் அளவு. கத்தியை இரண்டாம் முறை வைக்காத வெட்டு.

கப்பலில் யாரோ ஒருவருக்கும் இடது கை.

அன்று அந்த வளையத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். திரும்பி யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றியது. என்னவென்று சொல்வது? சொல்லவில்லை. அதற்குப் பிறகு கப்பல் பெட்டி வரும்போதெல்லாம் தேடுவேன். சில வால்வில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆணா, பெண்ணா, மலையாளியா, வடக்கத்தி ஆளா, ஒன்றும் தெரியாது. மனசுக்குள் 'அந்தக் கை' என்று சொல்லிக்கொள்வேன். அந்தக் கை மூட்டுகளை ஒரே இடத்தில் வரவிடாது, மாற்றி மாற்றி வைத்திருக்கும். அடியில் குப்பை விடாது. நல்ல கை.

இப்போது ஏழாம் நம்பருக்கு வருகிறேன்.

ஒருநாள் காலையில் ஜீப் வந்தது. கொச்சியிலிருந்து ஆய்வு அதிகாரி ஒருவர் இறங்கினார். கூடவே ஒரே ஒரு வால்வு. நாங்கள் சரிபார்த்து அனுப்பி அதிகம் நாள் ஆகவில்லை. கடலில் எண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தண்டு வழியாகக் கசிந்து தளமெல்லாம் எண்ணெயாகி, பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டதாம். தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் முதலாளியிடம் சொன்னது ஜன்னலோரம் எனக்குக் கேட்டது. அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மேலே உள்ள வளையத்தை மட்டும் கொச்சியிலேயே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெட்டு தலைகீழாக இருக்கிறது, இப்படி வெட்டுகிற ஆள் உங்களிடம் இருக்கிறாரா என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இங்க அந்தக் கையில வெட்டறவ இவ ஒருத்திதானுங்க," என்றார் சரசக்கா.

முதலாளி வேணு சாரிடம், "கழுவுற இடத்துக்கே திருப்பி அனுப்பிருங்க. கப்பல் வேலை கைவிட்டுப் போச்சுன்னா இத்தன பேருக்கும் சம்பளம் யாரு குடுக்கறது?" என்றார்.

வேணு சாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்த்த மாட்டார். எதற்கும் உடனே பதில் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்ட பிறகுதான் பேசுவார். வால்வை உள்ளங்கையால் தொடமாட்டார், புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை பொய் சொல்லும் என்பார். அன்றும் கண்ணாடியைத் துடைத்தார்.

"முதல்ல பிரிக்கலாம்," என்றார். "பிரிச்சிட்டுப் பறயலாம். செல்லத்தாயி, நீ தன்னெ பிரி. எல்லாரும் காணட்டே."

என் மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்தார். நான் கொக்கியை எடுத்தேன். முதலில் வந்த வளையத்தைத் தாளில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. கட்டைவிரல் நகம் அளவுச் சாய்வு. என்னுடையது இல்லை, அந்தக் கை. எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்ததால் மற்றவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

"இது நின்றெ வெட்டாணோ?" என்று கேட்டார் சார்.

ஆமாம் என்றால் நான் கழுவும் தொட்டிக்குப் போக வேண்டும். அந்த ஜன்னல் மேஜை தனிமைதான். ஆனாலும் இந்த உலகத்தில் என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். இல்லை என்றால், அந்தக் கைக்குத் தண்டனை. கப்பலில் தண்டனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் பெரிதாகத் தோன்றியது. ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து அங்கேயே வெட்டிக் காட்டினால் போதும், என் வெட்டு வேறு என்று தெரிந்துவிடும். கத்தி பக்கத்திலேயே இருந்தது.

"வளையத்துல குத்தமில்ல சார்," என்றேன்.

"ஞான் கேட்டது அதல்ல."

"அடிவரைக்கும் எடுத்துட்டுச் சொல்லுதேன் சார்."

அந்தப் பட்டறையில் அத்தனை பேர் கேட்க நான் பேசியது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. சார் தலையை ஆட்டினார். ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்த வரிசையிலேயே தாளில் வைத்தேன். மூட்டுகள் எல்லாம் மாற்றி மாற்றித்தான் இருந்தன. ஒரு குறை இல்லை. கடைசி வளையமும் வந்துவிட்டது என்று நினைத்துக் கொக்கியை விட்டபோது, அடியில் இன்னும் ஏதோ தட்டுப்பட்டது.

கயிற்றைப் பிரித்து, இழையை எடுத்து, முறுக்கி, ஒரு மெல்லிய வளையமாக்கித் தண்டை ஒட்டிச் சுற்றி வைத்திருந்தது. தலைமயிர் பின்னுவதுபோல அவ்வளவு பொறுமையான முறுக்கு. எங்கள் பட்டறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

"இதென்னங்க இது, அரணாக்கவுறு மாதிரி?" என்றார் சரசக்கா.

சார் அதை வாங்கிப் பார்க்கவில்லை. தண்டைத்தான் வாங்கினார். புறங்கையில் வைத்து உருட்டினார். மைக்ரோமீட்டரைக் கொண்டுவரச் சொல்லி அளந்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி அளந்து, அதிகாரியிடம் கொடுத்து, "சாரும் ஒண்ணு அளக்கணும்," என்றார். அதிகாரி அளந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தண்டு மெலிந்திருந்தது. தேய்ந்து மெலிந்ததில்லை, பிறந்ததே மெலிவு. அந்தக் காலத்து வால்வுகள் இஞ்சுக் கணக்கில் செய்தவை. புதிதாகச் செய்து வருகிற உதிரிச் சாமான் மில்லிமீட்டர் கணக்கு. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், மரையும் ஏறும். சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி மட்டும் இருக்கும். நாங்கள் அனுப்பிய பிறகு கப்பலில் தண்டு வளைந்து, அவர்களிடம் இருந்த ஸ்பேர் தண்டைப் போட்டிருக்கிறார்கள். அதிகாரியே சொன்னார், "இது எங்க ஸ்டோர்ல இருந்து போட்டதுதான். அளவு பார்க்காம வாங்கியிருக்கு. நான் போய்ச் சரி பண்றேன்." அவர் அப்படிச் சொன்னது பெரிய மனசு. அந்த மாதிரி ஸ்பேர் இன்னும் எத்தனை இருக்கிறதோ எல்லாவற்றையும் அளக்கச் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டார்.

பிறகு அந்த முறுக்கு நூலைக் காட்டி, "இது யார் வேலை?" என்று கேட்டார்.

"அறியில்ல சார்," என்றார் வேணு சார். "ஆனா இது வெச்சதுகொண்டுதான் இத்தற நாள் நின்னது. இல்லெங்கில் முதல் நாளே ஒழுகும்."

அதிகாரி, வைத்தவருக்கு நல்ல மூளை என்று சொல்லிவிட்டு, அதைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தோன்றியது. கொக்கியைத் துடைத்து வைத்தேன்.

ஜீப் போனதும் சரசக்கா என் மேஜைக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே அதிசயம்.

"ஏம் புள்ள, உன்ற வெட்டு இல்லீன்னா இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"உங்களுக்கு எப்படித் தெரியும், என் வெட்டு இல்லைன்னு?"

"எனக்கென்ன தெரியும்? நீ முழிச்ச முழியப் பாத்துத்தான் சொல்றேன். அப்ப உன்றது இல்லதான?"

நான் தாளில் இருந்த வளையங்களை நேராக அடுக்கினேன். "நல்லா வந்து சேந்த போ, ஊமைக் கோட்டானாட்ட," என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒரு வறுத்த கடலைப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அது அவரது மன்னிப்பு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் மறுநாள் வட்டத்தில் போய் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

சாயங்காலம் வேணு சார் வந்தார். செய்தித்தாளில் இருந்த ஒரு வளையத்தையும், நான் வெட்டி வைத்திருந்த ஒன்றையும் எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "சாரமில்ல," என்று மட்டும் சொன்னார். பரவாயில்லை என்பதற்கு அவர் ஊரில் அப்படிச் சொல்வார்கள்.

சரியான அளவில் புதுத் தண்டு கடைந்து, ஏழாம் நம்பரை நானே அடைத்தேன். ஸ்பேர் வளையத்தையும் கட்டினேன். லாரியோடு சார் கொச்சிக்குக் கிளம்பும் முன்னால் அவர் மேஜைக்குப் போனேன். நானாகப் போனது அதுவரை கிடையாது.

"சார், கப்பலுக்குப் போறீகல்ல. அங்க பீச்சாங்கைக்காரவுக யாரும் இருக்காகளான்னு கேட்டுட்டு வரணும்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "செரி, ஞான் கேக்கலாம்," என்றார்.

அவர் கொச்சி போய் வந்தால் எங்களுக்குக் கப்பல் கதை சொல்வார். எத்தனை உயரம், எவ்வளவு நீளம், சமையலறையே எங்கள் பட்டறை அளவு இருக்கும் என்றெல்லாம். அன்று வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்து, கவிழ்த்திருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"செல்லத்தாயி, ஞான் அந்தக் கப்பல் கண்டிட்டில்ல."

"இந்தத் தடவையா சார்?"

"ஒரு தடவையும் இல்ல. வாசல் கேட்டுல ஒரு ஸ்டோர் உண்டு. அவிடெக் கொடுத்து கையொப்பு வாங்கித் திரும்பி வரும். உள்ளே விடில்ல. ஞான் கேட்டுப் பார்த்து, ஸ்டோரில் உள்ளவருக்கும் அறியில்ல. கப்பல்ல ஆள் மாறிக்கொண்டே இருக்கும்னு பறஞ்சு." பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "இது சரசுவோடு பறய வேண்டா. அந்தச் சமையலறை கத எல்லாம் போகும்," என்றார்.

அன்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பின்னால் இருந்தவர்களுக்கு எதற்கென்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு தடவைதான்.

அதற்கடுத்த மராமத்துக்குக் கப்பல் வந்தது. பெட்டியை உடைத்ததும் ஏழாம் நம்பரைத் தேடினேன். நான் கட்டிய ஸ்பேர் வளையத்தைக் கப்பலில் எடுத்துப் பயன்படுத்திவிட்டிருந்தார்கள். சக்கரத்தில் அதே இடத்தில் வேறொரு வளையம் எண்ணெய்த் தாளில் சுற்றிக் கட்டியிருந்தது. புதியது. கட்டைவிரல் நகம் அளவு, என் பக்கச் சாய்வு.

ஸ்பேரைப் பட்டறைக்குத் திருப்பிக் கட்டி அனுப்புகிற வழக்கம் எங்கும் கிடையாது. எடுத்துக்கொண்டதற்கு ஈடாக அந்தக் கை ஒன்று வெட்டிக் கொடுத்திருந்தது. கொடுத்தது யாருக்கு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. என் வளையத்தைப் பார்த்து, இங்கேயும் ஒரு இடது கை இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கும். எப்போது கண்டுபிடித்ததோ. நான் கண்டுபிடிக்கும் முன்னாலேயேகூட இருக்கலாம்.

அன்று சாப்பாட்டு மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

அப்படி மூன்று தடவையோ நான்கு தடவையோ நடந்தது. நான் ஒன்று கட்டி அனுப்புவேன், சில வருஷம் கழித்து ஒன்று கட்டி வரும். வருகிறதை என் இழுப்பறையில் வைத்துக்கொள்வேன். அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதாவது எழுதி உள்ளே வைக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. என்ன மொழியில் எழுதுவது, எந்தக் கையால் எழுதுவது?

பிறகு ஒரு தடவை சக்கரம் வெறுமனே வந்தது. உள்ளே இருந்த வளையங்கள் எல்லாம் வலது கைச் சாய்வு. வெட்டு பரவாயில்லை, அடியில் மட்டும் பழைய தூள் கிடந்தது. மாற்றலாகிப் போயிருக்கலாம், வயதாகி இறங்கியிருக்கலாம். வேறு எதுவும் நடந்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். யாரிடம் விசாரிப்பது? இன்னார் என்று தெரிந்தால்தானே. துக்கம் என்று சொன்னால் பெரிய வார்த்தையாகிவிடும். துக்கம் கேட்க வருகிறவர்கள் யாருக்காக வருவார்கள்? வழக்கம்போல ஸ்பேர் வெட்டிக் கட்டினேன். அடுத்த தடவையும் வெறுமனேதான் வந்தது.

நான் வேலையிலிருந்து நிற்கும் முன்னால் கடைசியாகக் கப்பல் பெட்டி வந்தபோது ஏழாம் நம்பரை எனக்கே ஒதுக்கச் சொல்லி சாரிடம் கேட்டேன். தட்டைத் தேய்த்தேன், நீலக்கோடு அறுபடாமல் விழுந்தது. வளையம் அடைக்கிற நேரத்தில் இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துச் சாரிடம் காட்டினேன். அந்தக் கை முதன்முதலில் கட்டி அனுப்பியது. உபயோகிக்காதது, தாளைவிட்டுப் பிரியாமல் இருந்தது.

"இத அடியில போடட்டுமா சார்?"

அவர் விரலில் உருட்டிப் பார்த்தார். அளந்தார். கண்ணாடியைத் துடைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"அளவு கிருத்யம், கரெக்ட். கயிறும் நல்லது. போடு."

அடியில் அதைப் போட்டேன். அதன்மேல் என்னுடையவை. தண்ணீர் அழுத்தச் சோதனையில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மூடி அனுப்பினேன். வேணு சார் இப்போது இல்லை. சரசக்கா மகளோடு திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி. நான் எலப்புள்ளியில் இருக்கிறேன். இப்போதெல்லாம் சில நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

இதில் தப்பு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்த வேண்டும். ஏழாம் நம்பர் எண்ணெய் வரிசைதான், ஆனால் வலப்பக்கமா இடப்பக்கமா என்று கப்பல் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளவும். எந்த வருஷம் எது என்பதும் சரிபார்க்க வேண்டும். போர்டில் என் பெயர் வேண்டாம்.

சுகன்யா, இன்னும் ஒன்று உண்டு, அதை நீதான் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடித்துவிட்டால் பிறகு திறக்க முடியாது. அதற்குமுன் ஏழாம் நம்பரின் வளையங்களைக் கொக்கியால் மெதுவாக எடு. எடுக்கும் வரிசையிலேயே தாளில் வை. நான் போன பிறகு கடலில் யாராவது மொத்தமும் மாற்றியிருந்தால், வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து வந்து சொல். சக்கரத்தில் கம்பி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் பார். யாரும் தொடாமல் இருந்தால் மேலே இருப்பதெல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு, அடியில் ஒன்று மட்டும் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். அது இருந்தால் வெளியே எடுக்காதே. என்னுடையதை அதன்மேல் திருப்பி அடைத்து, மூடியை இறுக்கிவிட்டு, பெயிண்ட் அடிக்கச் சொல்.